ஆர் மொழி வகுப்பில் முதலில் எதைக் கற்பிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல கல்லூரிகளில் புள்ளியியல் செய்முறை வகுப்பு இப்போது ஆர் (R) என்ற கணினி மொழியில் நடக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதில் தரவை வைக்கும் வடிவங்களான வெக்டர் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை), ஃபேக்டர் (வகைப்பெயர்களின் வரிசை), லிஸ்ட் (பல வகைப் பொருள்களின் தொகுப்பு), டேட்டா ஃபிரேம் (அட்டவணை) நான்கையும் ஒரே மணி நேரத்தில் ஓட்டிவிட்டு, மறுநாளே சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் தொடர்புப்போக்குக்கும் தாவிவிடுகிறார்கள். தரவு எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியாத மாணவர், தப்பான விடையைக்கூடச் சரியென்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஒரு மழை அளவுக் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) 12, 8, 105 மி.மீ. என்று மூன்று அளவுகள். நான்காவது கட்டத்தில் யாரோ ‘இல்லை’ என்று தட்டச்சு செய்திருக்கிறார். ஆரில் இந்தப் பத்தி ஒரு வெக்டர்; ஒரு வெக்டருக்குள் ஒரே வகைத் தரவுதான் இருக்க முடியும். அந்த ஒரு சொல்லால் பத்தி முழுவதும் எழுத்தாக மாறிவிடும். 2020இல் வந்த ஆரின் 4.0.0 பதிப்புக்கு முன்பு, கோப்பைப் படிக்கும் ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளை இப்படிப்பட்ட பத்தியைத் தானாகவே ஃபேக்டர் ஆக்கிவிடும். ஃபேக்டர் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ளே ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது. எழுத்தாக அடுக்கினால் 105 முதலிலும், அடுத்து 12, பிறகு 8, கடைசியில் ‘இல்லை’யும் வரும். அதை ‘ஆஸ்.நியூமெரிக்’ கொண்டு எண்ணாக்கினால் அந்த வரிசை எண்களே கிடைக்கும்: 12, 8, 105, ‘இல்லை’ ஆகியவற்றுக்கு முறையே 2, 3, 1, 4. சராசரி 2.5! உண்மையான மூன்று அளவுகளின் சராசரியோ 41.67. திரையில் ஒரு எச்சரிக்கைகூட வராது.

புதிய பதிப்பில் அதே பத்தி எழுத்தாகவே நிற்கும். எண்ணாக்கும்போது ‘இல்லை’ இருந்த இடம் என்.ஏ. (விடுபட்ட மதிப்பு) ஆகும், எச்சரிக்கையும் வரும். ஆய்வகக் கணினியில் பழைய பதிப்பும் மாணவரின் மடிக்கணினியில் புதியதும் இருந்தால், ஒரே கோப்புக்கு இரண்டு விடை வருவது இதனால்தான். ஃபேக்டராகிவிட்ட பத்தியை முதலில் ‘ஆஸ்.கேரக்டர்’ கொண்டு எழுத்தாக்கி, அதன் பிறகே எண்ணாக்க வேண்டும். அதைவிட நல்லது, கோப்பைப் படிக்கும்போதே ‘இல்லை’ என்பதை விடுபட்ட மதிப்பாகக் கொள்ளும்படி ‘என்ஏ.ஸ்டிரிங்ஸ்’ பகுதியில் சொல்லிவிடுவது. இதேபோல், கோப்பில் பதிவெண் பத்தி இருந்தால் அதை எழுத்தாகவே படிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 0071 என்பது 71 ஆகிவிடும்.

நீளம் பொருந்தாத வெக்டர்களும் இப்படித்தான் ஏமாற்றும். 12 மாத மழையை மழை நாள்களால் வகுக்கும்போது, நாள்களில் 6 மட்டும் பதிவாகியிருந்தால், ஆர் அந்த ஆறையே திரும்ப ஒருமுறை சுற்றிப் பயன்படுத்தும். 12 என்பது 6இன் மடங்கு என்பதால் மூச்சுவிடாது. 5 மட்டும் பதிவாகியிருந்தால் எச்சரிக்கும். வகுப்பதற்கு முன் இரண்டின் நீளத்தையும் ‘லெங்த்’ போட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

எண்களைச் செவ்வகமாக அடுக்கும் மேட்ரிக்ஸில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: எண்கள் நிரை (கிடை வரிசை) வழியாக அல்ல, நிரல் (பத்தி) வழியாக நிரம்பும். 1 முதல் 6 வரை இரண்டு நிரைகளில் போட்டால் முதல் நிரை 1, 3, 5.

லிஸ்ட்டைத்தான் நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். டி-சோதனையின் முடிவே ஒரு லிஸ்ட் என்பது தெரியாததால், திரையில் சுருக்கிக் காட்டும் பி-மதிப்பைப் (உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இவ்வளவு அல்லது அதற்கு மேல் வேறுபாடு வரும் நிகழ்தகவை) பார்த்துத் தாளில் எழுதுகிறார்கள். டாலர் குறியிட்டுப் பெயர் சொல்லிக் கேட்டால் முழு மதிப்பும் கிடைக்கும். லிஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போது ஒற்றைச் சதுர அடைப்பு [ ], டிபன் கேரியரிலிருந்து ஓர் அடுக்கைக் கிண்ணத்தோடு கழற்றித் தருவது. இரட்டை அடைப்பு [[ ]] அதற்குள் இருக்கும் சோற்றைத் தருவது. கிண்ணத்தோடு கூட்டப் போனால் ‘எண் அல்ல’ என்று பிழைச் செய்தி வரும். டேட்டா ஃபிரேமும் ஒரு லிஸ்ட்தான். சம நீளமுள்ள பத்திகளை அடுக்கியது. இது புரிந்தால் அங்கும் அடைப்புக் குழப்பம் இருக்காது.

முதல் இரண்டு வாரங்களை இதற்கே ஒதுக்கும்படி பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். செய்முறைத் தேர்விலும் இடையில் ஒரு சொல் கலந்த கோப்பைக் கொடுத்து, தரவின் வடிவைக் காட்டும் ‘எஸ்டிஆர்’ கட்டளையின் வெளியீட்டை விளக்கவும் பத்தியைச் சரிசெய்யவும் தனியாக மதிப்பெண் வையுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை