மூட்டுக் கறளைச் சுரண்டாமல் மூடித் தந்த வேலை பற்றிய முறைப்பாடு

2025 மார்ச் 9

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: 1987ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் டி25 கேம்பர் வானின் பக்கத் தகட்டு மூட்டில் உங்கள் கராஜ் செய்த கறள் வேலை

கடந்த வருடம் மே மாதம், ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடும் மூட்டில் கறள் எடுப்பதற்காக என் வானை உங்களிடம் விட்டேன். 1,480 பவுண் கட்டினேன். ஒரு குளிர்காலம்தான் போயிருக்கிறது. அதே மூட்டில், அதே இடத்தில் பெயின்ற் கொப்புளித்து நிற்கிறது. போன கிழமை தொலைபேசியில் கேட்டபோது, "பழைய வான் என்றால் கறள் வரத்தானே செய்யும்" என்று உங்கள் வேலைத்தளப் பொறுப்பாளர் சொன்னார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வேலையைப் பேசி முடித்தது தமிழில்தான் என்பதால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி ஒன்றையும் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

நான் வானைக் கொண்டுவந்தபோது அதில் ஓட்டை எதுவும் இருக்கவில்லை. கழுவும்போதுதான் கண்டேன்: மூட்டை அடைக்கப் பூசியிருந்த பழைய சீலர் பசையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதற்குக் கீழே தேத்தண்ணி வழிந்த மாதிரி ஒரு கபிலக் கோடு. ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தேன், தகடு கணீரென்றுதான் சத்தம் போட்டது. இந்த வான்களை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோடு என்னவென்று தெரியும். இப்போதே பார்த்தால் சுரண்டிப் பூசுவதோடு முடியும், விட்டால் தகடு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டி வரும். அதனால்தான் கண்ட கிழமையே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

டி25 இன் பக்கத் தகடுகள் மூட்டில் ஒன்றோடொன்று படிந்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்டவை. இரண்டு தகட்டுக்கும் இடையில் உள்ள நீக்கலுக்குள் பெயின்ற் ஒழுங்காகப் போய்ச் சேராது. வெளியில் போட்ட சீலர்தான் அதற்குக் காவல். முப்பது வருடத்துக்கு மேல் ஆகும்போது அது காய்ந்து இறுகி வெடிக்கிறது. வெடிப்புக்குள் போகும் தண்ணீரை அந்த ஒடுக்கமான நீக்கல் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. குளிர்காலத்தில் இங்கே பிரித்தானியாவில் தெருவுக்குக் கொட்டும் உப்பும் அதோடு சேர்ந்து போகிறது. இரும்பு கறளாக மாறும்போது இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது ஊதித் தகடுகளைப் பிரிக்க, வெடிப்பு இன்னும் அகலமாகிறது. கேம்பர் வானில் உள்ளிருந்தும் ஈரம் வரும். நாலு பேர் படுத்து எழும்பினால், அடுப்பில் தண்ணீர் கொதித்தால், அந்த ஆவி அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த தகட்டில்தான் போய்ப் படிகிறது. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர எழுதவில்லை. அன்று உங்கள் ஆட்களே எனக்கு இதை விளக்கினார்கள். அந்த விளக்கத்தை நம்பித்தான் சாவியைத் தந்தேன்.

நீங்கள் தந்த மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருப்பது இதுதான்: மூட்டு முழுவதிலும் பழைய சீலரைக் கிண்டி எடுப்பது, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை கறளை நீக்குவது, மிஞ்சியதற்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பூசுவது, நன்றாகக் காய்ந்தபின் அடிப்பூச்சாக எபொக்சி பிரைமர், அதன் மேல் பொலியூறெத்தேன் சீலர், பிறகு நிறம், கடைசியாக உள்ளிருந்து மெழுகு அடிப்பது. நல்ல திட்டம்தான். அந்த மெழுகு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்து அலுமாரியையும் உள்பலகையையும் நானே கழற்றித் தந்தேன்.

வானைத் திரும்ப எடுத்த அன்று மூட்டுக்குப் பக்கத்தில் வினாகிரி மணம் அடித்தது. பெயின்ற் மணமாக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது மிகவும் வருந்துகிறேன். அது குளியலறையில் அடிக்கும் சாதாரண சிலிக்கனின் மணம். அந்த வகை சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும், வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம்தான். அது வெறும் இரும்பில் பட்டால் கறளைத் தூண்டும். அதோடு சிலிக்கனின் மேல் பெயின்ற் பிடிக்காது. இந்த வேலை தெரிந்த எவரும் தகட்டு மூட்டில் அதைக் கிட்டவும் கொண்டுவர மாட்டார்கள்.

பெப்ரவரி கடைசியில் கொப்புளத்தைக் கண்டதும் நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். பெயின்ற் ஒரு கீலமாகக் கையோடு வந்தது. அதற்குக் கீழே றப்பர் மாதிரி இழுபடும் வெள்ளைச் சிலிக்கன். அதற்கும் கீழே பழைய சாம்பல் நிறச் சீலர், வெடிப்போடு அப்படியே. அதைக் கத்தி நுனியால் நீக்கினால் பொருக்குப் பொருக்காகக் கறள். கிண்டவும் இல்லை, சுரண்டவும் இல்லை, பிரைமரும் இல்லை. பிறகு அலுமாரியைக் கழற்றி உள்ளே ரோச் அடித்துப் பார்த்தேன். மெழுகு ஒரு துளிகூட இல்லை. மே மாதம் உங்களுக்கு இடம் காட்டுவதற்காக நான் தகட்டில் பென்சிலால் போட்ட அம்புக்குறி கறை படாமல் அப்படியே இருந்தது. படம் 4 இல் பாருங்கள். இன்னொரு ஆறு அங்குலத்துக்கு மூட்டு மேல்நோக்கி ஊதியிருப்பது படம் 6 இல் தெரியும்.

எனக்கு 1,480 பவுண் சின்னக் காசு இல்லை. ஆனால் காசைவிட நான் இழந்தது அந்தப் பத்து மாதம். வேலையே செய்யாமல் திருப்பித் தந்திருந்தால், வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும், நான் வேறு யாரிடமாவது கொண்டுபோயிருப்பேன். நீங்கள் அதன் மேல் நிறம் அடித்து மூடியதால் சரியாகிவிட்டது என்று நம்பிக் குளிர்காலம் முழுக்க ஓடினேன். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியும் இல்லாமல் போயிற்று. சாண் நீளமாக இருந்தது இப்போது முழத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

இது பாதுகாப்பு விடயமும் கூட. இருக்கைப் பட்டி பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் தகடு கறளால் பலமிழந்தால் எம்ஓடி என்ற வருடாந்த வாகனத் தகுதிச் சோதனையில் வான் தேறாது. ஓட்டுநரின் பட்டி பொருத்தியிருக்கும் தூண் இந்த மூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் பிள்ளைகள் ஏறும் வாகனம் இது.

"பழைய வான்" என்று உங்கள் பொறுப்பாளர் சொன்ன சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வீடு கடற்கரையோடு. உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் கறள் பிடிக்கும். பொங்கலுக்கு முன் ஒவ்வொரு கம்பியாகக் கடதாசி போட்டு உரஞ்சி, தூசி தட்டி, சிவப்புப் பூச்சுப் பூசி, அதற்குப் பிறகுதான் பச்சைப் பெயின்ற் அடிப்பார். உரஞ்சுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். கம்பிகள் பழசுதான், ஆனால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்வரை ஒன்றுகூட இற்றுப்போகவில்லை. 2014இல் அவர் இங்கே வந்தபோது இதே வானில்தான் ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப்போனேன். கிளென்கோவில் மழைக்கு ஒதுங்கி நின்று, கதவைத் திறந்து வைத்து, அவர் கையால் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அது அவருடைய கடைசிப் பயணம். இந்த வானை நான் விற்கப் போவதில்லை, கறளுக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். வயசான வாகனம் என்பதால்தான் இரண்டு மடங்கு கவனமான வேலையைக் கேட்டு, அதற்குரிய விலையையும் தந்தேன்.

சரி, நான் கேட்பது என்ன? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒரு சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், மேலதிகச் செலவு இல்லாமல் திரும்பச் செய்து தரும்படி கேட்க எனக்கு உரிமை உண்டு. அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், முழுத் தொகை வரைக்கும். மதிப்பீட்டுத் தாளில் உள்ள வேலையை முழு மூட்டுக்கும், புதிதாகப் பரவிய பகுதியையும் சேர்த்து, நீங்கள் திரும்பச் செய்ய வேண்டும். சிலிக்கனின் சுவடு கொஞ்சமும் மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் புதுப் பெயின்றும் பிடிக்காது. தகடு வெள்ளையாகத் தெரியும்போதும், பிரைமர் பூசியதும், சீலர் போட்டதும் என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அல்லது படம் எடுத்து அனுப்ப வேண்டும். சுரண்டிய பிறகு ஓட்டை தெரிந்தால், புதுத் தகடு வைக்கும் செலவும் உங்களுடையது. இதற்கு விருப்பமில்லை என்றால் 1,480 பவுணையும் திருப்பித் தாருங்கள், நான் வேறிடத்தில் செய்துகொள்கிறேன்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், கிரெடிட் கார்டில் கட்டிய பணம் என்பதால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் அந்தப் பணத்தை வங்கியிடம் கோருவேன். அதுவும் சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. நீங்களே வேலையைச் சரியாகச் செய்து தந்தால் அதுவே போதும்.

மூட்டை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. நகத்தால் தூக்கிய ஓரம் அப்படியே இருக்கிறது. வான் வீட்டுக் கொட்டகையில் நனையாமல் நிற்கிறது, அலுமாரியும் கழற்றியபடிதான். எந்த நாளிலும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு வந்து பார்க்கலாம். மதிப்பீட்டுத் தாளை எழுதிய அதே ஆள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வானின் உரிமையாளர்

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, படங்கள் 7, ஆங்கிலப் பிரதி