தைலம் உன் முட்டிக்குத்தான்

கோத்தகிரி,
டிசம்பர் 14.

அன்புள்ள தங்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேரன் தெருவிலிருந்து தூக்கிவந்த பூனைக்குட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம், உன் முட்டிவலியைப் பற்றி இரண்டே வரி. கடைசியில், "குட்டி மேலெல்லாம் தெள்ளு, உங்கள் ஊர் நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு, தடவிப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். போனில் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுத்தால்தானே! உன் பேரனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், "தடவாதே" என்று. காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

பூனை நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. தோலில் தடவியது வயிற்றுக்குள் போய்விடும். நமக்குச் சளிக்கு இதமாக இருக்கும் தைலம் அதற்கு விஷம். பூனையின் ஈரலுக்குச் சில பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி கிடையாது. உண்ணிக்காக நாயின் தோலில் ஊற்றுகிற சொட்டு மருந்தும் அப்படித்தான். சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். எங்கள் கீழ்வீட்டுக்காரி மிச்சமிருந்த நாய் மருந்தைப் பூனையின் கழுத்தில் ஊற்றிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் போனால் பூனை என்னைக்கூட சந்தேகமாகத்தான் பார்க்கிறது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் முட்டாள்தனத்தைக் கேள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை எங்கள் நாய் கரியனின் இடது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "அட்டை" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தேயிலைக் காட்டுக்குக் கீழே ஓடையில்தான் தண்ணீர் குடிப்பான். குடிக்கும்போது பொடி அட்டை மூக்குக்குள் ஏறி ஒட்டிக்கொள்வது இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அப்பா செய்த வைத்தியமும் நினைவிருக்கிறது: அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை முகத்துக்கு நேராக வைப்பார். தண்ணீர் வாசம் பட்டதும் அட்டை தலையை நீட்டும், துணியால் பிடித்து இழுத்துவிடுவார். கன்றுக்குட்டிக்குக்கூடச் செய்து பார்த்திருக்கிறேன். நானும் அப்படியே செய்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் செய்தேன். நோய்ப்பட்ட நாயைத் தாகத்தில் வேறு போட்டு வதைத்திருக்கிறேன் பார்.

மூன்றாம் நாள் ராகிக் களியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது, அடிவயிற்றில் குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். ஜீப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் காதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஆமணக்கு விதைபோல் நான்கைந்து உண்ணிகள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் 22,000தான். குறைந்தது 2 லட்சமாவது இருக்க வேண்டுமாம். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி உள்ளே போய் வெள்ளணுவில் குடியேறுகிறது. தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது, அதுதான் மூக்கு வழியாக வந்திருக்கிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். நான்காம் நாளே வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். இருந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வைத்தேன்.

"இந்தக் குளிரில் உண்ணியா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாய் எங்கே படுக்கிறது என்று கேட்டார். சிறுத்தை பயத்தில் இங்கே யாரும் நாயை ராத்திரி வெளியில் கட்டுவதில்லை. கரியன் படுப்பது சமையலறையில், அடுப்போரம். நமக்குக் கதகதப்பாக இருக்கிற இடம் நாய் உண்ணிக்கும் கதகதப்பு. ரத்தம் குடித்து முடித்ததும் அது கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் சாகும். நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்குமாம். ஆணி அடிக்கக்கூட எழுந்திருக்காத எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சிமெண்ட் குழைத்து வெடிப்பெல்லாம் அடைத்தார் என்றால் நம்புவாயா?

இப்போது கரியனுக்கு மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்த உண்ணி மாத்திரை, 12 வாரத்துக்கு ஒன்று. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த ஜீப் வாடகையையும் ரத்தப் பரிசோதனையையும் நினைத்தால் வாய் மூடிக்கொள்கிறேன். தினமும் விளக்கு வைத்ததும் காது, கக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போட்டுவிடுவேன். மண்ணெண்ணெய் தடவு, தீக்குச்சியால் சுடு என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

சரி, உன் குட்டிக்கு வருகிறேன். அவ்வளவு பொடிக்கு எந்த மருந்தையும் நீயாகப் போடாதே. கால்நடை மருந்தகத்தில் எடை போட்டுக் கேள். அதுவரை பேன்சீப்பால் சீவி, சோப்புத் தண்ணீரில் சீப்பை முக்கு. உடம்பில் ஓடுகிற தெள்ளு கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் குட்டி படுக்கிற துணியிலும் பாயிலும் இருக்கும். அதையெல்லாம் கொதிநீரில் அலசி வெயிலில் போடு. திண்டுக்கல் வெயிலை இதற்காவது பயன்படுத்திக்கொள். வாலடியில் அரிசிபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்கினால் வருவது அது, அதனால் தெள்ளை ஒழிக்காமல் குடற்புழு மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். அதன் முட்டை மண்ணில் கிடந்து பிள்ளைகள் வயிற்றுக்கும் போகும். பேரன் மணலில் விளையாடிவிட்டு வந்தால் கையைக் கழுவச் சொல்.

பச்சைத் தேயிலை விலை பற்றிக் கேட்டிருந்தாய். அதை எழுதினால் எனக்கு மூக்கில் ரத்தம் வரும், விடு. மகள் பொங்கலுக்கு வருகிறாள். நீயும் வந்தால் நன்றாக இருக்கும். முட்டி ஒத்துழைக்குமா?

பார்சலில் வர்க்கி ஒரு பாக்கெட், தேயிலைத்தூள் அரைக் கிலோ, தைலம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். தைலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டு. தடவிய காலோடு குட்டியை மடியில் ஏற்றிக்கொள்ளாதே.

உன்,
மல்லிகா