நுரை அலுமினியம்: அருமண் எவ்வளவு, அடர்த்தி எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீரியம், ஸ்காண்டியம் போன்ற அருமண் தனிமங்கள், குமிழி அறைகள் நிறைந்த நுரை உலோகத்துக்கு வலு சேர்ப்பதாகத் தங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். செய்தி சரிதான். ஆனால் சேர்த்த அளவையும் நுரையின் அடர்த்தியையும் சொல்லாவிட்டால் அந்த வலிமைக் கணக்குக்குப் பொருளே இல்லை.

நுரையின் வலிமை, அதன் ஒப்படர்த்தியின் (நுரையின் அடர்த்தியைத் திட உலோகத்தின் அடர்த்தியால் வகுத்தது) 1.5 அடுக்கை ஒட்டி உயரும். கனசென்டிமீட்டருக்கு 0.54 கிராம் உள்ள நுரை 0.675 கிராம் ஆனாலே, எதையும் சேர்க்காமல் வலிமை சுமார் 40 சதவீதம் கூடிவிடும். சீரியம் போட்ட உருகல் (உருகிய அலுமினியம்) குழம்பு போல் கெட்டியாகிச் சற்றுக் குறைவாகப் பொங்கியிருந்தால், அந்த அடர்த்தியின் பலனையும் சீரியத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே அடர்த்தியுள்ள துண்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். துண்டின் ஒவ்வொரு பக்கமும் குமிழி விட்டத்தைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும்; 3 மி.மீ. குமிழிக்கு 30 மி.மீ. கனசதுரம். அதைவிடச் சிறிதாக வெட்டினால் ஓரத்தில் அறுபட்ட அறைகளே முடிவைத் தீர்மானிக்கும்.

இனி அளவு. சீரியத்தைத் தனியாக உருகலில் போடக் கூடாது. லைட்டர் கல்லில் பொறி பறக்க வைப்பதே அதுதான். பாதி எரிந்து கசடாகிவிடும். அலுமினியத்தில் முன்பே கலந்து வைத்த கலவையான மாஸ்டர் அலாயாகவே போட வேண்டும். மொத்தம் 10 கிலோ உருகலில் 0.3 சதவீதம் வேண்டுமானால், 10 சதவீத சீரியம் உள்ள அலுமினிய மாஸ்டர் அலாய் 300 கிராம். அதைக் கால்சியம் போடுவதற்கு முன்பே கரைத்துவிட வேண்டும். வழக்கமான முறையில் 680 டிகிரியில் 1.5 சதவீதக் கால்சியம் சேர்த்துக் கலக்கி உருகலைக் கெட்டிப்படுத்தி, பிறகே சூட்டில் வாயு வெளிவிடும் டைட்டானியம் ஹைட்ரைடை 1.6 சதவீதம் போட்டுப் பொங்க வைக்கிறார்கள். கெட்டிப்பட்ட பின் போடும் எதுவும் சீராகப் பரவாது.

அதிகமாகப் போட்டால் அலுமினியமும் சீரியமும் சேர்ந்து முரட்டு ஊசிகளாக உறையும். வார்ப்புத் துண்டில் 30 மைக்ரான் ஊசி பெரிய குறையாகத் தெரியாது. 80 மைக்ரான் தடிமனே உள்ள அறைச் சுவரில் அதே ஊசி சுவரின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும். நசுங்கி ஆற்றலை உள்வாங்க வேண்டிய நுரை நொறுங்கிக் கொட்டும்.

ஸ்காண்டியத்தின் சிக்கல் வேறு. அதன் வலு, 300 டிகிரியை ஒட்டிய பதப்படுத்தலில் உருவாகும் நுண்துகள்களிலிருந்து வருகிறது. நுரையோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கனத்த பாளத்தின் நடுப்பகுதி மெதுவாக ஆறும்போதே துகள்கள் பருத்துவிடும். பிறகு பதப்படுத்தியும் பயன் குறைவு. ஓரத்திலும் நடுவிலும் தனித்தனியே துண்டு வெட்டிச் சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இத்தகைய செய்திகளை வெளியிடும்போது வலிமையுடன் அடர்த்தியையும் சேர்க்கை அளவையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உலோகவியல் பொறியாளர் ஒருவர்