பவுடரைப் பாதியாகக் குறை

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள கண்ணா,

நீ போனில் சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. நெடுந்தூரம் ஓடும்போது வயிற்றில் தண்ணீர் குலுங்குகிறது, குடித்தும் தாகம் அடங்கவில்லை என்றாய். அரை லிட்டர் பாட்டிலில் 60 கிராம் குளுக்கோஸ் பவுடர் போடுகிறாயே, அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அது 12 சதவீதக் கரைசல். 8 சதவீதத்தைத் தாண்டினாலே இரைப்பை அதை மெதுவாகத்தான் கீழே விடும். தண்ணீர் உடம்பில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலில். அங்கே போய்ச் சேராதவரை நீ குடித்தது வயிற்றிலேயே கிடக்கும். போய்ச் சேர்ந்தாலும், உன் கரைசலில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், முதலில் உடம்பின் தண்ணீர்தான் குடலுக்குள் இறங்கும்.

குழந்தைகள் வார்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும், ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை அப்படியே ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவார்கள் சில அம்மாக்கள். கெட்டியாக இருந்தால் பிள்ளைக்குத் தெம்பு என்ற பாசம்தான். ஆனால் வயிற்றுப்போக்கு இன்னும் கூடிவிடும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் முன்பு 20 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் அதையும் 13.5 கிராமாகக் குறைத்தது.

அதற்காகச் சர்க்கரையே வேண்டாம் என்று விட்டுவிடாதே. ஓடுகிற காலுக்கு அது வேண்டும். குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிற புரதம் ஒன்று இருக்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். அதனால் உப்பை மறக்காதே.

இனி அதே பாட்டிலுக்கு 30 கிராம் பவுடர், இரண்டு சிட்டிகை உப்பு, போதும். ஜனவரியில் இங்கே ஓட வருகிறாய். பெங்களூர் மாதிரி இல்லை மெரினா. கடல்காற்றின் ஈரத்தில் வேர்வை காயாமல் வழியும். புழுக்கம் அதிகமானால் 20 கிராமாகக் குறைத்துவிடு. பழ ஜூஸ் வேண்டவே வேண்டாம், அதிலும் சர்க்கரை பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இளநீரை ஓடி முடித்த பிறகு குடி. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டம் என்றால் வெறும் தண்ணீரே போதும்.

இந்த ஞாயிறே புது அளவில் கலந்து ஓடிப் பார்த்துவிட்டுச் சொல். போட்டியன்று முதல்முறையாக முயல வேண்டாம். உன் பவுடர் டப்பாவோடு வரும் ஸ்பூனில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று தராசில் நிறுத்துப் பார்த்தாயா? இல்லையென்றால் வரும்போது கொண்டு வா, இங்கே நிறுத்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா