முன்னிலையில் பால் இல்லை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செவலை கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. மஞ்சள் விலையைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அது கிடக்கட்டும். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து நீ பேசியது இரண்டே முறை. இரண்டு முறையும் "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அட்டாலியை ஒழித்தபோது உன் புத்தகம் ஒன்று கிடைத்தது. காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாய். மூலை மடிப்புக்கூட நான் சொல்லித் தந்தபடியே இருந்தது. பிரித்தால் 'நான், வித்யா', வித்யா என்ற திருநங்கை எழுதிய தன்வரலாறு. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பத்துப் பக்கம் போனதும் மூடி வைத்துவிட்டேன், பேனாவை.

ஓரங்களில் நீ பென்சிலால் எழுதியிருப்பதையும் படித்தேன். ஓரிடத்தில் "இது நானில்லை". நாலு பக்கம் தள்ளி, "இது கொஞ்சம்". கொஞ்சம் என்றால் எவ்வளவு கண்ணு? பதில் எழுத வேண்டாம். கேட்கவேண்டும் போல் இருந்தது, கேட்டுவிட்டேன்.

வித்யாவுக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. உன் கதை வேறாக இருக்கலாம், அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் தனியாகப் போகாதே. ஊசியோ மாத்திரையோ, யாரோ சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே.

பிறகு ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளை ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' வாங்கினேன். நம் நாமக்கல் பக்கத்துக்காரர். கடைப்பையன் அட்டையைப் பார்த்துவிடக் கூடாதென்று மேலே ஒரு பஞ்சாங்கத்தை வைத்து பில் போட்டேன். பஞ்சாங்கம் வாங்குகிறவனா நான்! அம்மா அதைச் சந்தோஷமாக ஆணியில் மாட்டிவிட்டாள்.

திருநம்பி, பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணர்கிறவர். அந்தச் சொல்லை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். நம்பி, நங்கை என்பவை பழந்தமிழ்ச் சொற்கள். நல்ல ஆக்கம். 2022இல் தமிழக அரசே இந்த அடையாளங்களுக்கு ஒரு சொல்பட்டியல் வெளியிட்டிருக்கிறது, அதையும் தேடிப் பார்த்தேன். இதில் உனக்கு எது பொருந்தும், எதுவும் பொருந்தாதா என்பது உன் பாடு.

பதினாறு வயதில் உன் கையில் 'பெண் ஏன் அடிமையானாள்?' கொடுத்தவன் நான். இந்த ஊரில் எந்த அப்பன் கொடுத்தான்? ஆண்மை என்பதே ஒழியவேண்டும் என்று எழுதியவரைப் படிக்கக் கொடுத்தவனிடம், ஒரு புத்தகத்தை அட்டை போட்டு ஒளிப்பாயா?

இந்த வரியை நேற்றுக் காலை எழுதினேன். மத்தியானம் காரணம் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு இரவுவரை பேனாவைத் தொடவில்லை.

2014, ஆடி மாதம், நீ பதினொன்றாம் வகுப்பு. மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நாலு மாதம்கூட ஆகவில்லை. நானும் பேப்பரில் படித்திருந்தேன். திணை, பால் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, பேடு என்றால் என்ன?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அங்கே யார் உட்கார்ந்திருந்தான் என்று உனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். "பரீட்சைக்கு வராது, பக்கத்தைத் திருப்பு" என்றேன். அரையாண்டுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டதோடு சரி, ஏன் என்று விசாரிக்கவில்லை.

நீ இரண்டாவது வரிசையில் இருந்தாய். சிரித்தாயா என்பது நினைவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நன்னூலில் அந்தப் பேடு கேள்விக்குப் பதில் இருந்தது கண்ணு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்கிறார் பவணந்தியார். எதை அவாவுகிறதோ அதுவே பால். எனக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

உனக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. வந்தாய், போனாய், படித்தாய் என்று எழுதிக்கொண்டே போகலாம், முன்னிலையில் பால் காட்டும் விகுதி கிடையாது. சிக்கல் எல்லாம் படர்க்கையில்தான். பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் மிதிக்கிற திருவிழாவுக்கு நீ வருவது உண்டா என்று உன் அத்தை முந்தாநாள் கேட்டாள். வாயைத் திறந்தவன் விகுதி வந்ததும் நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருடம் இலக்கணம் நடத்தியவன், தங்கைக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றேன். மரியாதைக்கு 'அவர்' என்று சொல்லலாம்தான். அத்தை பயந்துவிடுவாள்.

கடைசியில் "பிள்ளை வரும்" என்றேன். அவன் வரும், அவள் வரும், அது வரும், எல்லாமே இலக்கணப்படி சரி. அத்தை ஒன்றும் கவனிக்காமல் போய்விட்டாள்.

வருவதானால் முதல் நாளே சொல், சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கூட யாரையாவது அழைத்து வந்தாலும் சரி. ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனியாகப் போகாதே. உன் புத்தகத்தை அதே அட்டையோடு மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அப்பா