அந்தக் கறுப்புப் பட்டை வெற்றிடம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டிவி பெட்டிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் உருளும்போது குறுக்கே வரும் கறுப்புப் பட்டையை ‘சிக்னல் இல்லாத வெற்றிடம்’ என்று எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன், சும்மா இருக்க முடியவில்லை. அந்த சிக்னலிலேயே அதிக வேலை நடக்கும் இடம் அதுதான்.

அந்தக் காலத்து டிவியில், படத்தை 625 வரிகளாக எழுதும் முறையில், வினாடிக்கு 25 படம். ஒவ்வொன்றும் ஒரு வரி விட்டு ஒரு வரியாக, இரண்டு பாதிகளாக வரும். பாதிக்கு 312.5 வரி. அடிவரை எழுதி முடித்த எலெக்ட்ரான் கற்றை மறுபடி உச்சிக்குப் போக நேரம் வேண்டுமே! அதற்காகப் பாதிக்கு 25 வரி, அதாவது சுமார் 1.6 மில்லி வினாடி, படமில்லாமல் விடப்படுகிறது. நீங்கள் பார்த்த பட்டை அதுதான்.

‘மேலே போ’ என்ற உத்தரவும் அதற்குள்தான் இருக்கிறது. அடுத்த வரியைத் தொடங்கச் சொல்லி ஒவ்வொரு வரிக்கும் வரும் மின் துடிப்பு, அதாவது சிங்க் பல்ஸ், 4.7 மைக்ரோ வினாடி. ‘மேலே போ’ என்னும் பல்ஸ் ஒவ்வொன்றும் 27.3 மைக்ரோ வினாடி. ஒரு ரெசிஸ்டரும், சார்ஜைச் சேர்த்துவைக்கும் ஒரு கபாசிட்டரும் போதும், இரண்டு வகைப் பல்ஸையும் பிரித்துவிடலாம். குட்டி பல்ஸில் கபாசிட்டர் நிரம்பாது, நீளமானவை ஐந்து வரிசையாக வந்தால் நிரம்பிவிடும். ஆனால் ஒரு பாதி முழு வரியில் முடிகிறது, மற்றது அரை வரியில். கபாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்காது. அதைச் சமன் செய்ய நீளமான பல்ஸ்களுக்கு முன்னால் ஐந்து சின்ன பல்ஸ்களை அரை வரிக்கு ஒன்றாக நுழைத்தார்கள். இல்லாவிட்டால் இரண்டு பாதியின் வரிகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்துவிடும். இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

சரி, படம் ஏன் உருளுகிறது? பழைய பெட்டிகளில் கற்றையை மேலும் கீழும் ஓட்டும் சர்க்யூட்டுக்கு வெர்டிகல் ஆஸிலேட்டர் என்று பெயர். அதைத் தானாக ஓடவிட்டால் வினாடிக்கு 50 தடவையை விடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடும்படி, ஹோல்ட் என்ற திருகைத் திருப்பி வைப்போம். பல்ஸ் வந்து அதைச் சற்று முன்கூட்டியே கிளப்பிவிடும். ஆஸிலேட்டரில் உள்ள கபாசிட்டர் காய்ந்து வேகம் கூடிவிட்டால், பல்ஸ் வருவதற்குள் கற்றை கிளம்பிவிடும். அப்புறம் உருளல்தான்.

கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைக் காட்டுவேன். ஹோல்டைத் திருப்பிப் பட்டையைத் திரை நடுவில் கொண்டுவந்து, பிரைட்னஸைக் கூட்டுவேன். பட்டை சாம்பலாகிவிடும், அதற்குள் சுத்தியல் தலைபோல் இன்னொரு கறுப்பு தெரியும். அதுதான் பல்ஸ். கறுப்பைவிடக் கறுப்பு என்று அவர்கள் சிரிப்பார்கள்.

பெட்டியைத் தட்டினால் படம் நிற்கும் என்றும் கட்டுரையில் இருந்தது. தட்டி நின்றால் எங்கோ சால்டர் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக் ஒருவர்