நிறம் மங்குவதற்குக் காரணம் இலவச மென்பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் ஒளிப்படத் திருத்தம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இலவச மென்பொருளில் திருத்தினால் படங்களின் நிறம் வெளிறிவிடும், ஆகவே தொழில்முறைப் பணிக்கு அவை உதவா என்று அதில் எழுதப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நிறம் வெளிறுவதுண்டு, அதற்குக் காரணம் வேறு.

நானும் ஒருகாலத்தில் அவ்வாறே நம்பியவன்தான். அக்கா மகளின் திருமணப் படங்களைக் கிம்ப் என்னும் இலவச மென்பொருளின் 2.10 பதிப்பில் திருத்தி உறவினர்களுக்கு அனுப்பியபோது, என் திரையில் பளிச்சென்று இருந்த கூறைப்புடவையின் சிவப்பு அவர்களுடைய கைப்பேசிகளில் மங்கி, மணமகளின் முகமும் களையிழந்து தெரிந்தது. பல நாள் தேடிய பிறகே காரணம் விளங்கிற்று. என் கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்னும் வண்ண அமைப்பைத் தேர்ந்திருந்தேன். (அப்படி எடுக்கும் படங்களின் கோப்புப் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும், நான் அதைக் கவனிக்கவில்லை.) வழக்கமான வண்ண அமைப்பாகிய எஸ்ஆர்ஜிபியில் 255 என்று குறிக்கப்படும் முழுச் சிவப்பு, அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் ஏறத்தாழ 219 என்றே குறிக்கப்படுகிறது. எந்த அமைப்பின்படி எழுதிய எண் என்பதைச் சொல்லும் கலர் ப்ரொஃபைல் கோப்பில் இருக்கும்வரை இரண்டும் ஒரே சிவப்புதான். அது நீங்கிவிட்டாலோ, படத்தைக் காட்டும் செயலி 219ஐ எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே எடுத்துக்கொண்டு மங்கிய சிவப்பைக் காட்டுகிறது. கோப்பின் அளவு சற்றுக் குறையட்டும் என்று, ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரொஃபைலைச் சேமிப்பதற்கான டிக்கை எடுத்துவிட்டவன் நானேதான். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் இதைச் செய்திருந்தாலும் அந்தப் புடவை அப்படியேதான் மங்கியிருக்கும்.

உள்ளிருக்கும் ப்ரொஃபைலை அப்படியே வைத்துக்கொள்வதா, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுவதா என்று கோப்பைத் திறக்கும்போதே கிம்ப் 2.10 கேட்கிறது. கைப்பேசியிலும் இணையத்திலும் பார்க்கப்போகும் படமானால் மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் மெனுவில் 'கன்வெர்ட்' என்பதும் 'அசைன்' என்பதும் அருகருகே இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். கன்வெர்ட் செய்தால் நிறத்தைக் காப்பதற்காக எண்கள் மாற்றி எழுதப்படும். அசைன் செய்தாலோ எண்கள் அப்படியே இருக்க, நிறம் மாறிவிடும்.

அச்சுப் பணியைப் பொறுத்தவரை கட்டுரையாளர் சொல்வதில் நியாயம் உண்டு. கிம்ப்பில் ஒரு படத்தை, அச்சு மைகளின் நான்கு நிறங்களைக் கொண்ட சிஎம்ஒய்கே முறையிலேயே வைத்துத் திருத்த இயலாது. அச்சில் நிறம் எப்படி வரும் என்பதைத் திரையில் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இலவசமாகவே கிடைக்கும் கிரிட்டாவில் நேரடியாகச் சிஎம்ஒய்கேயில் பணியாற்ற முடியும் என்பதையும், பக்க வடிவமைப்புக்கான இலவச மென்பொருளாகிய ஸ்கிரைபஸ் அச்சகத்துக்கு ஏற்ற பிடிஎஃப் உருவாக்கித் தரும் என்பதையும் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது பெருங்குறை.

மாதச் சந்தா கட்ட இயலாத மாணவர்களும் சிற்றூர் ஸ்டூடியோக்காரர்களும் தங்கள் இதழை நம்பிப் படிக்கிறார்கள். ஆகவே அக்கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், ப்ரொஃபைலை மாற்றுவது முதல் எக்ஸ்போர்ட் செய்வது வரையிலான முறையைத் திரைப்பிடிப்புப் படங்களுடன் ஒரு பக்கத்திலாவது விளக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒளிப்படத் துறை வாசகர் ஒருவர்,
மதுரை.